ஊர் பெயர் எழுத விட்ட இடம்

ஆகஸ்ட் 11, திங்கள்

எந்தக் காகிதத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று கரண்ட் ஆபீசில் கேட்கும்போதெல்லாம் முழிக்கிறேன். "எழுதி வையேம்மா, அப்பா டைரிதான் சும்மா கெடக்குல்லா" என்று முத்தரசி எடுத்துக் கொடுத்தாள். லைன்மேன்களுக்கு ஆபீசில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. மே மாதம் வரைக்கும் எந்தக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானை மாற்றினார், எந்த வேப்பமரத்தில் கிளை வெட்டினார் என்று எழுதியிருக்கிறார். அதற்கு அப்புறம் வெள்ளைத்தாள். அதில்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான்.

இன்று கொடுத்தது: இறப்புச் சான்றிதழ் நகல் மூன்று, வாரிசுச் சான்றிதழ், என்னுடைய பள்ளிச் சான்றிதழ், போட்டோ நான்கு. வேலையில் இருக்கும்போது புருஷன் செத்தால் பெண்டாட்டிக்கு ஒரு வேலை தருவார்கள். எனக்கு ஆபீஸ் உதவியாளர் வேலை வரும் என்று போர்மேன் தங்கப்பழம் அண்ணாச்சி சொன்னார். அவர்தான் அலைந்து பார்க்கிறார்.

சாயங்காலம் துவையலை அம்மியில் அரைத்தேன். தோள்பட்டை விண்விண் என்கிறது. "மிக்சியை எதுக்குப் பரண்ல தூக்கிப் போட்ட?" என்று முத்தரசி கேட்டாள். சத்தம் பிடிக்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

இன்றோடு மூன்று மாதம். ரசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெரிய ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சியும் நானும் போனோம். அதிகாரி என்னைவிடச் சின்ன வயசுப் பெண். எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்றார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு இடம் காலியாக இருக்கிறது. ஒன்று எங்கள் மாவிலங்குடி ஆபீசே. வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். இன்னொன்று வாகைத்துறை. கடற்கரை ஊர், பஸ்ஸில் நாலு மணி நேரம். எது வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அக்டோபர் மூன்றுக்குள்.

"இதுல என்னம்மா யோசனை, மாவிலங்குடிதான்" என்றார் அண்ணாச்சி.

"அதுல ஒரு விஷயம் இருக்கு" என்றார் அதிகாரி. "சூசைராஜ் சஸ்பென்ஷன் முடிஞ்சு அதே ஆபீஸ்லதான் இருக்காரு. அவரும் நீங்களும் ஒரே எடத்துல வேலை பாக்கிறது சரியா வராது. நீங்க மாவிலங்குடி கேட்டீங்கன்னா, அவரை வாகைத்துறைக்கு அனுப்பிருவோம். நீங்க வாகைத்துறை போனா அவர் இங்கயே இருப்பாரு. உங்க விருப்பம்தான் முதல்ல."

சூசைராஜ் என் வீட்டுக்காரரோடு பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். கம்பத்தில் ஏறும்முன் சப்ஸ்டேஷனில் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். அதற்கு லைன் கிளியர் வாங்குவது என்று பேர். எல்லாரும் கீழே இறங்கிய பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் கரண்ட் விட்டுவிடுவார்கள். மே 23 அன்று இவர் கிழக்கு வயலில் கம்பத்தில் இருந்தார். சூசைராஜ் சப்ஸ்டேஷனில் இருந்தார். இவர் இறங்கும் முன்னாலேயே சூசைராஜ் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அண்ணன் இறங்கிட்டாருன்னு நானா நெனச்சிட்டேன்" என்று விசாரணையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அண்ணாச்சி பஸ்ஸில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 30, சனி

கொழுந்தன் கதிர்வேல் வந்தான். "யோசிக்கியளா? அந்தப் பயலை மருவாதையா வேலையில வச்சிருக்கதே தப்பு. எங்கயாவது போய் உப்புத் தண்ணியைக் குடிக்கட்டும்" என்றான். இழவு வீட்டில் வைத்துச் சூசைராஜைக் கன்னத்தில் அடித்தவன் இவன்தான். அடித்தபோது சூசைராஜ் கையைத் தூக்கிக்கூடத் தடுக்கவில்லை. குனிந்தபடியே, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முத்தரசிக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. "நான் பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில அந்த ஆளு பைக்ல வாரான்மா. எனக்கு வாந்தி வருது. அவன் போட்டும்" என்றாள். ஏட்டி, பெரியவரை அவன் இவன் என்று சொல்லாதே என்றேன். "இன்னுமா மரியாதை?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

செப்டம்பர் 4, வியாழன்

ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நாலு பேர் தள்ளி பிலோமினா நின்றாள். சூசைராஜின் மனைவி. எல்லாரும் அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் தன் இடத்தை விட்டுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். நான் பருப்பு வாங்கி வெளியே வரும்போது வேப்பமரத்தடியில் வந்து மறித்தாள்.

"யக்கா, எங்களை வாகைத்துறைக்கு மாத்துவாங்கன்னு பேசிக்கிடுதாவ."

எனக்குத் தெரியாது என்றேன்.

"ஒங்க கையிலதான் இருக்காம்லா. என்னையவோ அவியளையோ பாத்து எரக்கப்பட வேண்டாம். சின்னவளை நெனச்சுப் பாருங்க. அவளுக்குக் காது கேக்காது. இந்த ஊர்லதான் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கு. ரெண்டு வருசமா இப்பத்தான் உதட்டைப் பாத்துப் பாத்து அம்மான்னு சொல்லுதா. அங்க என்ன இருக்கு? கடலு இருக்கு."

நான் பையை மாற்றிப் பிடித்தேன். அவள் போகவில்லை.

"இன்னொண்ணு கேக்கேன், கோவப்படாதிய. அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு இருவதுக்கு அவிய போன்ல ஒங்க நம்பர் கெடக்கு. கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்காவ. எதுக்குக் கூப்பிட்டாவ?"

"சாப்பாடு எப்பன்னு கேட்டாரு" என்றேன்.

"சாப்பாடா" என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிக்கா" என்று போய்விட்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

வீட்டை ஒட்டடை அடித்தேன். பரணை மட்டும் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

கோயிலுக்குப் போகிறேன் என்று முத்தரசியிடம் சொல்லிவிட்டு வாகைத்துறைக்குப் போய்வந்தேன். சும்மா பார்க்கத்தான். ஐந்து ஐம்பது பஸ், பத்து மணிக்குத்தான் சேர்ந்தது. ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் இறங்கினால் மணல். எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. ஆபீஸ் கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. உள்ளே ஒரு வயசான வயர்மேன் இருந்தார். எந்த ஊர், என்ன புகார் என்று கேட்டார். புகார் இல்லை, இங்கே வேலைக்கு வந்தாலும் வருவேன் என்றேன்.

"இங்கயா? தண்டனைக்குத்தாம்மா இங்க வருவாங்க" என்று சிரித்தார். "பீங்கான்ல உப்பு படிஞ்சிரும். அடிக்கடி ஏறிக் கழுவணும். ஒங்களுக்கு அது இல்ல, ஒங்களுக்கு உள்வேலை. வீடு வேணும்னா மாதா கோயில் தெருவுல கெடைக்கும். ஆமா, என்ன தப்புப் பண்ணுனிய?"

தமாஷுக்குத்தான் கேட்டார். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வந்ததும், "எந்தக் கோயில்மா? நெத்தியில ஒண்ணும் காணல" என்று முத்தரசி கேட்டாள்.

செப்டம்பர் 17, புதன்

வீட்டு வேலையைத் தொடங்கும் முன்னால் இதை எழுதிவிடுகிறேன். முத்தரசி பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

மே 23 அன்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. லைன்மேன் வீடு என்பதால் தெருவே என்னிடம்தான் வந்து கேட்கும். "கரண்ட் எப்ப வரும், அண்ணன்கிட்ட கேளுங்க" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். பன்னிரண்டேகாலுக்கு அவரே போன் பண்ணினார். "முடிஞ்சிட்டு. சோத்தை வடி, வாரேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஐந்து நிமிஷத்தில் சூசைராஜ் கூப்பிட்டார். "மதினி, அண்ணன் போனை எடுக்க மாட்டேங்காவ. ஒங்ககிட்ட பேசினாவளா?" என்று கேட்டார். பேசினார், வேலை முடிந்துவிட்டதாம் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம்.

"எறங்கிட்டாவளா மதினி?" என்று கேட்டார்.

எனக்கு வியர்த்து ஊற்றியது. மிக்சியில் தேங்காய் பாதி அரைந்து நின்றது. அவர் வந்தால் உடனே சோறு போட வேண்டும். "எறங்கிட்டாவ, வந்துக்கிட்டு இருக்காவ" என்றேன். பார்த்த மாதிரி சொன்னேன்.

வருகிற வழியில் அடுத்த கம்பத்தில் கொடி சுற்றியிருந்ததைப் பார்த்து அதிலும் ஏறியிருக்கிறார். லைன்தான் நிற்கிறதே, இதையும் முடித்துவிடுவோம் என்று நினைத்திருப்பார். போன் பைக்கிலேயே இருந்தது.

கரண்ட் வந்தது. தெருவில் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஃபேன் சுற்றியது. நான் மிக்சியைப் போட்டு மிச்சத் தேங்காயை அரைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

முத்தரசி டியூஷன் போன நேரத்தில் சூசைராஜ் வந்தார். வாசல் நடையைத் தாண்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை.

"மதினி, வாகைத்துறைக்கு நானே எழுதிக் குடுத்துட்டேன். நீங்க வெரசா மாவிலங்குடி கேட்டுருங்க. புள்ளைக்குப் பரீட்சை இருக்கு" என்றார்.

"சின்னவ பள்ளிக்கூடம்?" என்றேன்.

"பாப்போம். பிலோமியையும் புள்ளையளையும் இங்க விட்டுட்டு நான் மட்டும் போவேன். வாராவாரம் வருவேன்." போகத் திரும்பியவர் நின்றார். "நீங்க அன்னைக்குச் சொன்னதை யார்ட்டயும் சொல்லல. பிலோமிகிட்டகூட. சொல்லவும் மாட்டேன். ஆளைக் கண்ணால பாக்காம திருப்பிக் குடுத்தது நான். சட்டப்படியும் நான்தான். எங்க அண்ணன் பொண்டாட்டி பேரு எதுக்குக் காயிதத்துல வரணும்?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சரி என்று தலையை ஆட்டினேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

செப்டம்பர் 24, புதன்

நிம்மதி இரண்டு நாள்தான். தங்கப்பழம் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவது என்று ஆபீசுக்குப் போனேன். அங்கே மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா, ஒன் நாற்காலியைப் பாத்துக்கோ, அந்தா இருக்கு" என்றார் அண்ணாச்சி. "சனியன் தொலையுது. அவனே எழுதிக் குடுத்துட்டான், மனசாட்சி உறுத்தியிருக்கும்."

"அவரை ஒண்ணும் சொல்லாதிய அண்ணாச்சி. அவரு எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. எறங்கிட்டாவன்னு நான்தான் சொன்னேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம்மா, ஒனக்குப் பெரிய மனசு. அவன் வந்து ஒங்கிட்ட அழுதுருப்பான். அதுக்காவ ஒந்தலையில தூக்கிப் போட்டுக்கிடுவியா?"

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரி, சரி." பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "ஏல, அம்மாவுக்கு ஒரு டீ சொல்லு" என்றார். பிறகு மெதுவாக என்னிடம், "நீ சொன்னாலும் அவன் கண்ணால பாக்காம குடுத்தது தப்பு. அது மாறாது. விசாரணையை மூடியாச்சு. இப்பப் போய் இப்படிப் பேசினா ஒன் வேலைதான் தள்ளிப்போவும். அழாத. டீயைக் குடி" என்றார்.

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 26, வெள்ளி

முத்தரசியிடம் சொன்னேன். அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்தபடியே கேட்டாள். போன், மிக்சி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "அப்பா எறங்கிட்டேன்னு சொல்லவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்றேன்.

ஒரு பக்கச் சடையோடு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

செப்டம்பர் 27, சனி

பேசவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பேசவில்லை. பரணில் ஏறி மிக்சியை எடுத்துத் துடைத்து அடுப்பு மேடையில் வைத்திருக்கிறாள். என்ன அர்த்தம் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிலோமினா வீட்டுக்குப் போனேன். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவள் குடத்தை இறக்கி வைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரவிய கன்னத்துல ஒங்க கொழுந்தன் அடிச்சாரே, அப்ப சொல்லியிருக்கலாம்" என்றாள். "நாலு மாசமா இந்தத் தெருவுல ஒருத்தி எங்கிட்ட உப்பு கேட்டு வரல, யக்கா."

அவள் சொன்னது சரிதான். சின்னப் பெண் அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்றுதான் கடைசி நாள். விண்ணப்பம் எல்லாம் எனக்கு எழுதிக் கொடுப்பது முத்தரசிதான். காலையில் தானே பேனாவை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவள் குரலைக் கேட்டேன். பெயர், கணவர் பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினாள். 'பணியாற்ற விரும்பும் ஊர்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"எந்த ஊர்?"

"நீயே சொல்லுட்டி" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன். நானாச் சொன்னா நாளைக்கு நீ சொன்னதா ஆகும். நீ வாயால சொல்லு, நான் எழுதுதேன்."

சுவரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். யாராவது வந்து கதவைத் தட்ட மாட்டார்களா என்று இருந்தது. யாரும் வரவில்லை.

"வாகைத்துறை" என்றேன்.

எழுதினாள். மை காய ஊதினாள். பிறகு பேனாவுக்கு மூடி போட்டபடியே, "நான் வரல. பூரணம் சித்தி வீட்ல இருந்து பரீட்சை எழுதுதேன்" என்றாள். பூரணம் என் தங்கச்சி. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள்.

"உனக்கு என்மேல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியலம்மா. என்னைய இப்பக் கேக்காத. இங்க எல்லாரும் ஒன்னையப் பாவம் பாவம்னு சொல்லுதாவ. அதைக் கேட்டுக்கிட்டு ஒன் பக்கத்துல இருக்க என்னால முடியாது. அவ்ளோதான்."

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "தெரிஞ்சுதானே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதற்கு மட்டும் யாரும் என்னைப் பெரிய மனசு என்று சொல்லவில்லை. கதிர்வேல் பைத்தியக்காரி என்றான். பரவாயில்லை.

அக்டோபர் 15, புதன்

உத்தரவு வந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி சேர வேண்டும். சூசைராஜ் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்துவிட்டார்களாம். அண்ணாச்சி சொன்னார். சூசைராஜ் வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. சிறுபயறு வேகவைத்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவளுடைய யூனிபார்மை எல்லாம் தேய்த்துப் பூரணம் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தலைக்குக் குளித்தால் எத்தனை நாள் சளி பிடிக்கும் என்று பூரணத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "யக்கா, எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளத்த புள்ளைதான்" என்றாள். தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பஸ்ஸுக்கு முத்தரசி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பூரணம் அவளை ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு வந்தாள். தூக்கக் கலக்கத்தோடு, முகம்கூடக் கழுவாமல். என் பெட்டியை வாங்கி மேலே ஏற்றிவிட்டு, கீழே இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"போனதும் போன் பண்ணு" என்றாள்.

சரி என்றேன்.

"போய்ச் சேந்த பெறகு பண்ணு. வந்துட்டேன் வந்துட்டேன்னு வழியில இருந்து பண்ணாத."

பஸ் திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

பத்து மணிக்கு வாகைத்துறை விலக்கு தெரிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, "ஊரு வந்துட்டு. வீட்டுக்குச் சொல்லணும்னா சொல்லிருங்க" என்றாள். நான் போனைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பஸ் நின்றது. பெட்டியை இறக்கினேன். நானும் இறங்கினேன். பஸ் கிளம்பித் தூரமாகப் போகும்வரை அங்கேயே நின்றேன். காற்று பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு காலும் மணலில் ஊன்றி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பிறகுதான் போனை எடுத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எறங்கிட்டேன்" என்றேன்.